சிவப்பு நூல் மூட்டை

786
கடுக்காய்க் கிடங்கு,
ஜமுனாமரத்தூர்.
10-11-83

அன்புள்ள ராசு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. தோல் பதனிடுகிற ஷாப்பில் என் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன குறை?

மேஸ்திரி “மலைக்குப் போடா” என்றதும் மலைத்துப் போனேன். வந்து பார்த்தால் மலைக்க ஒன்றுமில்லை, நடுங்கத்தான் இருக்கிறது. கிடங்கு என்பது நான்கு சுவர், ஒரு தகரக் கூரை, முன்னால் காய் உலர்த்தும் களம், ஒரு பூட்டு. சாவி என்னிடம். கைதியின் கையிலேயே சாவியைக் கொடுத்து வைத்திருக்கிற ஜெயில் இது ஒன்றுதான். பூட்டிவிட்டு ஓடலாம், எங்கே ஓடுவது? இருக்கிற ஒரு பஸ்ஸும் பாதி நாள் வருவதில்லை.

காலையில் உன் அம்மாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் வந்து காய் பொறுக்குகிறார்கள். நாலு மணிக்குப் போய்விடுகிறார்கள். பிறகு நானும் மூட்டைகளும். மூட்டை மேல் நான் தூங்குகிறேன், என் மேல் மூட்டைப்பூச்சி தூங்குகிறது.

உன் அம்மா கெங்கம்மாள் என்னைப் பார்த்ததும், “இன்னா தம்பி, கடுக்கா கடிச்ச மாதிரி மூஞ்சிய வெச்சினு கீறே?” என்றார். “வாணியம்பாடியில இருந்த வரிக்கும் மாம்பழம் தின்ன மூஞ்சிம்மா” என்றேன். சாமைச் சோறும் துவரங்குழம்பும் போட்டார். உன் பங்கையும் சேர்த்துத் தின்றேன்.

மணி விஷயத்தில் உன் பெயரை நான் சொல்லவில்லை. பன்னிரண்டரைக்கு அடிக்க வேண்டிய தண்டவாளத் துண்டைப் பன்னிரண்டுக்கே அடித்தது என் கை. ஏணியைப் பிடித்தது உன் கை. மேஸ்திரி ஆதிநாராயணன் மேலே பார்த்தார், கீழே பார்க்கவில்லை. இருநூறு பேர் அரைமணி முன்னால் சோறு தின்றார்கள். எனக்கு மூன்று மாசம் மலை. தியாகம் என்றெல்லாம் நினைத்து அழாதே. ஒருவன் மாட்டினால் போதும் என்கிற இடத்தில் இருவர் எதற்கு? சிக்கனம்தான்.

இப்போது ஒரு யோசனை. தபால் இங்கிருந்து போளூர் இறங்கி, ஊரெல்லாம் சுற்றி உன்னிடம் வர ஐந்து நாள். நம் லாரி வியாழக்கிழமை கிளம்பினால் காவலூர், ஆலங்காயம் வழியாக அன்றைக்கே வாணியம்பாடி. சர்க்காரைவிடக் கடுக்காய் வேகம். எல்லா மூட்டையையும் சணல் நூலில் தைப்போம். ஒன்றை மட்டும் சிவப்பு நூலில் தைப்பேன். அதன் வாயில் என் கடிதம் இருக்கும். ஒரு லோடுக்கு ஒரு மூட்டையை உன் இஷ்டப்படி எடுத்துக் கொட்டி, பத்துக் காயை உடைத்துப் பார்த்து, நன்றாக இருந்தால் மொத்த லோடையும் பாஸ் பண்ணுவதுதானே வழக்கம்? உன் இஷ்டம் சிவப்பாக இருக்கட்டும். பதிலைக் காலிச் சாக்குக் கட்டுக்குள் செருகி அனுப்பு. புதன்கிழமை லாரி மேலே வரும்.

மலையேறியவன்,
அமீனுல்லா


வாணியம்பாடி,
15-11-83

அமீனு,

தபால் சரியாக ஐந்து நாள் எடுத்துக்கொண்டது.

ஏணியைப் பிடித்தவன் நான்தான். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை மேஸ்திரி முன்னால் போய் நின்றேன். “இன்னா?” என்றார். “ஒண்ணுமில்லிங்க” என்று திரும்பிவிட்டேன். அதற்குப் பரிசுபோல உன் ஸ்டூல் எனக்கு வந்துவிட்டது. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கவிழ்ந்தேன். ஸ்டூலின் ஒரு காலை நீ முக்கால்வாசி அறுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். மலையில் இருந்துகொண்டே என்னை விழவைக்க உன்னால்தான் முடியும்.

உனக்கு அங்கே ஆள் இல்லை என்கிறாய். இங்கே ஆள் நிறைய, பேசத்தான் ஆள் இல்லை. நீ இருந்தவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்; இப்போது “டேய் மலையான்” என்கிறார்கள். உன் ஊரில் நான், என் ஊரில் நீ. இருவரையும் சரக்கு மாற்றிக் கட்டிவிட்டார்கள்.

நூல் விஷயம் எனக்குப் பயமாக இருக்கிறது. எந்த மூட்டை திறக்கப்படும் என்று மலையில் யாருக்கும் தெரியக்கூடாது, அப்போதுதான் எல்லா மூட்டையும் ஒழுங்காக வரும் என்று மேஸ்திரி முதல் நாளே சொன்னார். ஆனால் அனுப்புகிறவன் நீ, பொறுக்குகிறவள் என் அம்மா. இதில் யாரைச் சந்தேகப்படுவது?

சரி. சிவப்பு.

அம்மாவிடம் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேள். நான் கேட்டால் பொய் சொல்வாள்.

சின்னராசு


786
கிடங்கு,
1-12-83

ராசு,

இது மூன்றாவது சிவப்பு. முனியன் அண்ணன் லாரி ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் அவர் போஸ்ட்மேன்.

போன மூட்டையில் கை விட்டபோது புழு அரித்த காய் வந்தது என்று எழுதியிருந்தாய். இனி வராது. சிவப்பு மூட்டைக்கு நானே ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறேன். மஞ்சள் மஞ்சளாக, உருண்டையாக, கல்யாணத்துக்கு அனுப்புகிற மாதிரி. ஊருக்கெல்லாம் கடுக்காய் கொடுக்கிற வேலைதான் நமக்கு. நண்பனுக்கும் அதையே கொடுக்க முடியுமா?

உன் அம்மா பார்த்துவிட்டார். “அத்த மட்டும் இன்னாத்துக்குத் தனியா பொறுக்கினு கீறே?”

“உங்க பையன் கைக்கும்மா.”

“ஏன், அவன் கை மொதலாளி கையா? எல்லா மூட்டையும் ஒரே மாரி இருக்கணும். கலந்து போடு.”

“சரிம்மா” என்றேன். கலக்கவில்லை.

முட்டிவலி இருக்கிறது. என்னிடமும் பொய்தான் சொன்னார், ஆனால் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்தார்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. நான்கு மணிக்கு இருட்டுகிற மாதிரி மேகம் இறங்கி, களத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் போகிறது. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்திருந்தும் எட்டி எட்டிப் பார்க்கிறேன். நேற்று ஒரு முழு சாயங்காலமும் தராசோடு பேசினேன். அது இரண்டு பக்கமும் தலையாட்டியது.

விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், கும்பலில் இடிபட வேண்டும்போல் இருக்கிறது. போளூர் வரையாவது. மேஸ்திரியிடம் சொல்லி என்னைத் திரும்பக் கூப்பிடச் சொல். உன்னைப் பார்த்தால் அவருக்கு இப்போது பிடிக்கிறது என்று நீயே எழுதினாய்.

அமீனு


வாணியம்பாடி,
6-12-83

அமீனு,

கேட்டேன். மேஸ்திரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவன் அடிச்ச மணி இன்னும் என் காதுல ஓடினு கீது. மார்ச்சு வரிக்கும் அங்கியே கெடக்கட்டும்.”

மூன்று மாசம் ஐந்தாகிவிட்டது. என் கேள்வியால்தான் ஆனதோ என்னவோ.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் உன் கடிதத்தைப் படிக்கவே கூச்சமாக இருக்கிறது. நான் அழுத்திக் கேட்கவில்லை. நீ வந்தால் ஸ்டூல் உனக்கு, சுண்ணாம்புத் தொட்டி எனக்கு. என் விரலில் தோல் இப்போதுதான் முளைத்திருக்கிறது. வாய் திறக்கும்போது அது ஞாபகம் வந்தது. குரல் தானாகவே இறங்கிவிட்டது.

திட்டிக்கொள்.

உன் லோடுகள் எல்லாம் ஒரே மூட்டையில் பாஸ் ஆகின்றன. மற்ற இடத்து லோடுக்கு அரைநாள் ஆகிறது, உன்னுடையதுக்குப் பத்து நிமிஷம். “உங்கூட்டு சரக்கு தங்கம்டா” என்றார் மேஸ்திரி. இந்த வாரம் வேறு ஒரு மூட்டையைக் கொட்டிப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் சிவப்பு நூல் கண்ணில் பட்டது. உள்ளே நீ என்ன எழுதியிருக்கிறாயோ என்று கை அங்கேதான் போயிற்று.

சின்னராசு


786
கிடங்கு,
22-12-83

ராசு மகாராசு,

நீ அழுத்திக் கேட்காததில் எனக்கு வருத்தமில்லை. நான் அழுத்தமானவன். ஐந்து மாசம் என்ன, ஐந்து வருஷம் வைத்தாலும் மலை உருகாது, நானும் உருக மாட்டேன். ஹா.

போன வாரம் மழையில் லாரி வரவில்லை. அதனால் இரண்டு வாரச் சரக்கு, அறுபத்திரண்டு மூட்டை. உனக்கு வேலை அதிகமிருக்கும். சிவப்பை மட்டும் திற. வேறு எதையும் தொடாதே. தைத்துத் தைத்து என் விரல் சல்லடையாகிவிட்டது, பிரித்து அதை அவமானப்படுத்தாதே.

உன் அம்மா நலம். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. தொண்டை கட்டியிருக்கும், குளிர்தானே.

வேறு விசேஷம் இல்லை.

அமீனு


வாணியம்பாடி,
5-1-84
(தபாலில்)

அமீனு,

லாரி வரும்வரை காத்திருக்க முடியாததால் தபாலில் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நாலாம் தொட்டியிலிருந்து தோலை எடுத்தார்கள். பழுப்பாக, பளபளப்பாக வர வேண்டிய தோல். எடுத்த தோல் எல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழுந்திருந்தது. முந்நூறு தோலுக்கு மேல். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு.

மேஸ்திரி கடுக்காய்க் குடோனுக்கு வந்தார். உன் அறுபத்திரண்டில் இருபது மூட்டை அரைத்துத் தொட்டியில் போயிருந்தது. மிச்சம் நாற்பத்திரண்டில் ஒன்றை அவரே கிழித்தார். பூஞ்சை. உள்ளே கறுப்பு. இன்னொன்று, அதுவும் கறுப்பு. ஈரத்தோடு கட்டிய காய் என்று முகர்ந்தே சொல்லிவிட்டார்.

“உங்கூரு சரக்கு. உங்கம்மா பொறுக்கினது. நீ பாஸ் பண்ணது. இதுல நான் யாரடா நம்பறது?”

எல்லார் முன்னாலும் கேட்டார். ஒரே ஒரு மூட்டை நன்றாக இருந்தது, அதைத்தான் நான் கொட்டினேன் என்று எப்படிச் சொல்வது? அறுபத்திரண்டில் எப்படியடா சரியாக அதையே எடுத்தாய் என்று கேட்பாரே.

என்ன நடந்தது அமீனு? எனக்கு மட்டும் சொல்.

சின்னராசு


786
கிடங்கு,
10-1-84

ராசு,

மழை நடந்தது. மழையை யார் பிடித்து விசாரிப்பது? மேஸ்திரியே குடையோடு வந்து மேகத்தைக் கேட்கட்டும். தோலுக்குப் புள்ளி என்றால் புள்ளிமான் தோல் என்று விற்கச் சொல்.

பதறாதே. நூல் விஷயத்தை நீ சொல்லாதவரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. நீ புதிது, ஒரு தடவை தப்பிப்போயிற்று என்றால் திட்டி விட்டுவிடுவார்கள். நான் ஏற்கெனவே மணி கேஸில் உள்ளே இருப்பவன். இதுவும் என் தலையில் விழுந்தால் நேராக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அத்தா அதே ஷாப்பில் இருபது வருஷமாகத் தோல் வழிக்கிறார். அவர் முகத்தை நான் எங்கே போய்ப் பார்ப்பது?

மணி அடித்ததில் நான் உன் பெயரைச் சொல்லவில்லை. இதைச் சொல்லிக் காட்டக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். நீ ஸ்டூலில் உட்கார்ந்தாய். என்னைக் கூப்பிடு என்றபோது உன் குரல் இறங்கிற்று. இப்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்காகக் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதா?

அமீனுல்லா


வாணியம்பாடி,
15-1-84

அமீனுல்லா,

இன்று பொங்கல். ஷாப்பு லீவு. நான் ஊருக்கு வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், உன் கடிதம் வருவதற்கு முன்னாலிருந்தே. அது உனக்காக இல்லை என்றும் சொல்ல முடியாது, எனக்காக இல்லை என்றும் சொல்ல முடியாது. பத்து நாளாக அதுதான் தெரியாமல் இருக்கிறேன்.

ஆனால் முந்தாநாள் மேஸ்திரி ஒன்று சொன்னார். முப்பத்தொன்றாம் தேதி முதலாளி மெட்ராஸிலிருந்து வருகிறார். அதற்குள் யார் தப்பு என்று பெயர் சொல்ல வேண்டும். பெயர் கிடைக்காவிட்டால், மலைப் பெண்கள் பொறுக்குவது இனி வேண்டாம், காயை அப்படியே இங்கே கொண்டுவந்து இங்கத்து ஆளை வைத்துப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று முதலாளி நினைக்கிறாராம். “அவங்கதான் ஈரத்த அமுக்கிக் கட்டிட்டாங்க” என்று பேச்சு.

பன்னிரண்டு பேர். என் அம்மா உட்பட.

முனியன் அண்ணன் நேற்று வந்து, “உங்கம்மா ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. மழை வந்த அன்னிக்கு சாவி அந்தப் புள்ள பாக்கெட்ல இருந்துச்சாம். அவ்ளோதான் சொன்னாங்க” என்றார். அவள் அப்படித்தான்.

உன் கடிதம் எல்லாம் என் தகரப் பெட்டியில் இருக்கிறது. 22-ம் தேதிக் கடிதமும் இருக்கிறது. “சிவப்பை மட்டும் திற, வேறு எதையும் தொடாதே.” அதை மேஸ்திரியிடம் காட்டினால் நீ போவாய், கூடவே நானும் போவேன், ஆனால் அம்மா பிழைப்பாள். தினமும் பெட்டியைத் திறக்கிறேன், மூடுகிறேன். நாம் கட்டிய மூட்டைக்குள் நாமே இருக்கிறோம். எந்தப் பக்கம் பிரித்தாலும் ஒருவன் சிந்துகிறான்.

ஊருக்குத்தான் கடுக்காய், நண்பனுக்கு இல்லை என்று எழுதினாயே. அந்தக் கடிதமும் பெட்டியில் இருக்கிறது.

நான் காட்ட மாட்டேன். எனக்கு எழுதியதை எடுத்துக் காட்ட என்னால் முடியாது. நான் காட்டக்கூடிய மாதிரி ஒரு கடிதம் நீ எழுது. 31-க்குள் வர வேண்டும். எழுதாவிட்டால் மேஸ்திரியிடம் என் பெயரைச் சொல்லிவிடுவேன். அதுவும் முழுப் பொய் இல்லை.

சின்னராசு


786
கிடங்கு,
20-1-84

ராசு,

இரண்டு நாளாக எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தாளிலும் முதல் வரியிலேயே ஒரு ஜோக் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை எழுப்பிவிட்டு எழுதுகிறேன்.

டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. காலையில் நல்ல வெயில். களம் நிறையக் காய் கொட்டியிருந்தது. நான் பஸ் ஏறிப் போளூர் போனேன். டூரிங் கொட்டகை இல்லை, நிஜத் தியேட்டர், பகல் ஆட்டம். படம் பாதி நினைவில்லை. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என் தோளில் கை வைத்துச் சிரித்தார், அதற்குத்தான் போனேன். வெளியே வந்தபோது மழை. மலைக்குக் கடைசி பஸ் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டிலேயே கிடந்தேன். தார்ப்பாய் கிடங்குக்குள்ளே, கிடங்குச் சாவி என் பாக்கெட்டில்.

மறுநாள் காலையில் வந்தேன். உன் அம்மாவும் மற்றவர்களும் மழையில் வந்து பூட்டை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். திறக்க முடியாமல், முடிந்த மட்டும் முறத்தில் வாரித் தங்கள் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். லீவு நாளில், யாரும் கூப்பிடாமல். மிச்சம் எல்லாம் ஊறிவிட்டது.

உன் அம்மா சொன்னார்: “பரவால்ல தம்பி. வெயில் வரட்டும், பரப்பிக் காய வெப்போம். கெட்டத வீசிடலாம். கம்பெனிக்கு ஒரு கடுதாசி போட்ரு, லோடு லேட்டாவும்னு.”

கடுதாசி போட்டால் ஏன் என்று கேட்பார்கள். போளூர் வெளியே வரும். எனக்கு உன் ஸ்டூல் ஞாபகம் வந்தது, நீ எந்த மூட்டையை எடுப்பாய் என்பதும் ஞாபகம் வந்தது. ஈரத்தோடு கட்டச் சொன்னேன். உன் அம்மா மாட்டேன் என்றார். “என் கையால இத்தத் தெக்க மாட்டேன்” என்று எழுந்து போய்விட்டார். மூன்று நாள் நானே தைத்தேன். அவர் எழுந்து போன அன்றைக்குத்தான் பேச்சை நிறுத்தினார்.

இதையும் எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதியதில் அர்த்தமில்லை. சிவப்பு மூட்டைக்கு உலர்ந்த காய் எங்கிருந்து வந்தது தெரியுமா? உன் அம்மா மழையில் சுமந்துபோய் உங்கள் வீட்டில் கொட்டிக் காப்பாற்றினாரே, அதிலிருந்து. அதை வாங்கிவந்துதான் உன்னை ஏமாற்றினேன்.

நீ பார்க்கும்போது உன் கண்ணில் சந்தேகமே இருக்காது என்று எனக்குத் தெரியும். அந்த ஒன்றைத்தான் நம்பித் தைத்தேன்.

கூட இருக்கிற தாளை மேஸ்திரியிடம் கொடு.

அமீனு

*

மேஸ்திரி ஐயா ஆதிநாராயணன் அவர்களுக்கு,

டிசம்பர் 22-ம் தேதி லோடில் ஈரக் காயைக் கட்டி அனுப்பியது நான். 18-ம் தேதி சொல்லாமல் போளூர் போனேன். சாவியையும் எடுத்துப் போனேன். களம் நனைந்தது. கெங்கம்மாளும் மற்ற பெண்களும் காய வைத்து அனுப்பலாம் என்று சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அவர்கள் அந்த மூட்டைகளைத் தைக்கவில்லை. நல்ல காயை ஒரே மூட்டையில் போட்டு, அதைச் சிவப்பு நூலால் தைத்தேன். சின்னராசு அதைத்தான் எடுப்பான் என்று எனக்குத் தெரியும். நாங்கள் அதில் கடிதம் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்த யோசனை என்னுடையது. மற்ற மூட்டைகள் கெட்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

அமீனுல்லா


வாணியம்பாடி,
27-1-84

அமீனு,

கொடுத்தேன். மேஸ்திரி இரண்டு முறை படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“இத்த அவனா எழுதினான்? ஒரு நக்கல் கூட இல்லியே.”

“அவன்தாங்க.”

“யோசன அவனுதுன்றான். ஒத்துக்கினவன் யாரு?”

“நான்தாங்க” என்றேன். அதோடு நிற்காமல், “ஏணியப் புடிச்சவனும் நான்தாங்க” என்றும் சொல்லிவிட்டேன். எந்த ஏணி என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா, முறைத்தாரா, தெரியவில்லை.

தீர்ப்பு இது. பெண்கள் வேலையில் கை வைக்கக்கூடாது என்று முதலாளியிடம் அவரே பேசுகிறார். உன் அத்தாவிடம் எதையும் சொல்லப்போவதில்லையாம். மிச்சமிருக்கும் நாற்பத்திரண்டு மூட்டையும் புதன்கிழமை லாரியில் உன்னிடமே திரும்பி வருகிறது. ஒவ்வொரு காயாக நீ, நீ மட்டும், உடைத்துத் தட்டிப் பார்த்துப் பிரிக்க வேண்டும். நல்லது எத்தனை மூட்டை தேறுகிறதோ அதை அனுப்ப வேண்டும். மார்ச்சில் நீ இறங்கி வருவதில்லை. அடுத்த சீசன் முடியும்வரை மலைதான்.

என் ஸ்டூல் என்னிடமே இருக்கிறது. பக்கத்தில் அவர் இன்னொரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். இனி ஒரு லோடுக்கு மூன்று மூட்டை. நான் கை வைக்கும்போதெல்லாம் என் கையையே பார்க்கிறார். உனக்குப் பூட்டு வெளியே, எனக்குப் பக்கத்தில்.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்தால் எழுதுகிறேன்.

சின்னராசு


786
கிடங்கு,
22-2-84
(தபாலில்)

ராசு,

தீர்ந்ததா என்று கேட்கவில்லை. எழுத ஒரு சாக்கு கிடைத்தது, அவ்வளவுதான். இங்கே சாக்குக்கா பஞ்சம்?

நாற்பத்திரண்டும் முடிந்தது. மூன்று வாரம். விரலெல்லாம் கறுத்துவிட்டது, எத்தனை கழுவினாலும் போகவில்லை. முதல் நாள் உன் அம்மா வாசலில் நின்று பார்த்தார். இரண்டாம் நாள் உள்ளே வந்து, “இப்டி இல்ல, காதுக்கிட்ட வெச்சித் தட்டு. நல்ல காய் கல்லு மாரி கேக்கும், கெட்டது மண்ணு மாரி” என்றார். ஒன்றரை மாசத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு. உதவிக்கு ஒரு காயைக்கூட எடுக்கவில்லை. “மேஸ்திரி உன்னியத்தான் செய்யச் சொன்னாரு” என்று எதிரில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். போகும்போது சாமைச் சோற்றை வைத்துவிட்டுப் போனார்.

இப்போதும் மேகம் இறங்குகிறது. சாவி இப்போது அவர் இடுப்பில். சாயங்காலம் என்னை உள்ளே வைத்துப் பூட்டலாமா என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

பதினேழு மூட்டை தேறியது. நாளை லாரியில் வரும். எல்லாமே சணல் நூல். எல்லாமே ஒன்றுபோலக் கலந்து போட்டது. உள்ளே கடிதம் கிடையாது, அதனால்தான் தபால். இது உன் கைக்கு வரும் முன்பே லோடு வந்திருக்கும். நீ எதையும் தேட வேண்டாம்.

அமீனு


வாணியம்பாடி,
27-2-84

அமீனு,

உன் தபால் இன்றுதான் வந்தது. லோடு வியாழக்கிழமையே வந்துவிட்டது.

பதினேழும் வரிசையாக நின்றன. மேஸ்திரி தன் ஸ்டூலில் இருந்தபடி, “மூணு எடு” என்றார். சிவப்பு எங்கே என்று கண் முதலில் தேடியது. இல்லை. எதில் கை வைப்பது என்றே தெரியவில்லை; மூன்று மாசமாக இந்த வேலை பார்க்கிறேன், அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு மூட்டையைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒன்றைக் கொட்டினேன். நல்ல காய். வாய், நடு, அடி, எல்லாம் துழாவினேன். இரண்டாவது, நல்ல காய். மூன்றாவதும். மூன்றோடு நிறுத்தியிருக்கலாம். நான் நாலாவதைப் பிரித்தேன். ஐந்தாவதை. சாக்கு மடிப்பையெல்லாம் திருப்பிப் பார்த்தேன். ஒன்பது மூட்டை கொட்டிய பிறகுதான் கை நின்றது.

மேஸ்திரி எழுந்துவந்து குவியலைப் பார்த்தார். ஒரு காயை எடுத்துத் தட்டினார். பிறகு எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, “பாத்தீங்களாடா? இதான் வேலை. மூணு பாருன்னா ஒம்போது பாக்கறான். இவனுக்கு இன்னாத்துக்குப் பக்கத்துல ஒரு ஆளு?” என்றார். தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

உன் கடிதத்தைத்தான் தேடினேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

சின்னராசு